எண்ணெயில் பார்த்த முகம்

என் தம்பி தனுஷனைப் பற்றி எங்கள் தோட்டத்தில் மூன்று கதைகள் உலவுகின்றன. ஒன்று, அவன் சுவிஸில் ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான், வெட்கத்தில் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்கிறான். இரண்டு, அவன் குண்டு செய்கிறான். மூன்றாவதை எங்கள் அம்மா ஜெயம்மாவே பரப்பிவிட்டாள்: அவன் டாக்டர், ஆனால் ஊசி போடாத டாக்டர். மூன்றில் எதுவும் உண்மையில்லை. அவன் கோணம் அளக்கிறவன். அதைச் சொன்னால் முதல் இரண்டு கதைகளும் இன்னும் பலமாகிவிடும் என்பதால் நானும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் போன வருஷம் ஐப்பசியில் அவன் எங்கள் வீட்டில் இருந்தபோது நடந்ததை முழுவதும் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் விஜயகலா. குருவிட்டவுக்கு மேலே, பாதி றப்பரும் பாதி தேயிலையுமான ஒரு தோட்டத்தில் பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பு. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் நேரத்தில் அவர்கள் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் ஜூலியஸ் றப்பர் பெக்டரியில் இருக்கிறார். அவர் வேதக்காரர், நான் சைவம். கல்யாணமாகி எட்டு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரார் பிள்ளைகளை எல்லாம் தொட்டிலில் ஆட்டிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பி வந்த எட்டு வருஷம் அது.

தனுஷன் என்னைவிட ஐந்து வயது இளையவன். அப்பா போனபோது அவனுக்கு ஏழு வயது. சின்ன வயதிலேயே அவனிடம் ஒரு கோளாறு இருந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு ஒட்டினால் மற்றப் பிள்ளைகள் முண்டியடித்து ஓடுவார்கள். இவன் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். தனக்கு எத்தனை புள்ளி வந்திருக்கும் என்று முதலில் என்னிடம் சொல்லுவான். நான் அதைக் கையில் பேனையால் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்ப்பான். "பாத்துட்டுச் சொன்னா நான் முந்தியே நெனச்சேன்னு எல்லாத்துக்கும் சொல்லிரலாம் அக்கா" என்பான். ஒன்பது வயதுப் பயலுக்கு இந்தப் பேச்சு. எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரக் கணிதப் பிரிவு இல்லாததால் ஹட்டனில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தான். பிறகு கம்பஸ், பிறகு ஜெர்மனி, அங்கிருந்து ஜெனீவா.

நான் புரிந்துகொண்ட அளவில் அவன் வேலை இது. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் நிலத்துக்கு அடியில், இருபத்தேழு கிலோமீட்டர் சுற்றளவுள்ள குழாயில் புரோத்தன்களை ஓடவிட்டு மோதவைக்கிறார்கள். அந்த மோதலில் பிறக்கும் துணிக்கைகளில், அதாவது அணுவைவிடச் சின்னத் துகள்களில், ஒரு வகை கண்மூடித் திறப்பதற்குள் சிதைந்துவிடும். சிதைவதற்குப் பல வழிகள் உண்டு. அதில் ஒரு வழி மிகவும் அரிது, பத்து லட்சத்தில் ஏதோ ஒன்றுதான் அப்படிப் போகும். அந்த ஒன்றில் கடைசியாக நான்கு துண்டுகள் பறக்கும். நான்கும் எந்தெந்தக் கோணத்தில் பறந்தன என்று அளப்பது தனுஷனுடைய குழுவின் வேலை. ஒன்றிரண்டை அளந்து பயனில்லை. ஆயிரக்கணக்கில் சேர்த்து, எந்தக் கோணத்தில் எத்தனை விழுந்தன என்று பரப்பிப் பார்க்க வேண்டும். அந்தப் பரவல் எப்படி இருக்கவேண்டும் என்று ஏட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு மாறாக இருந்தால், இதுவரை யாரும் காணாத ஏதோ ஒன்று அந்தச் சிதைவில் தலையிடுகிறது என்று அர்த்தம்.

இதில் எனக்கு ஆச்சரியம், அவன் தன் விடையைப் பார்க்கக்கூடாது என்பதுதான். மூன்று வருஷமாக விடையை மூடிவைத்துவிட்டுத்தான் வேலை செய்தான். கணினியில் அவர்களே செய்த போலிச் சிதைவுகளை வைத்து அளக்கும் முறையைச் சரிபார்ப்பார்கள். முறை சரி என்று எல்லோரும் கையெழுத்து வைத்த பிறகு, ஒரு நாள் குறித்து, ஒரே ஒரு முறை நிஜ விடையைத் திறப்பார்கள். பெட்டியைத் திறப்பது என்று அதற்குப் பேர். முன்கூட்டியே பார்த்தால் மனசு தனக்குப் பிடித்த விடையை நோக்கி முறையை வளைத்துவிடுமாம். பரீட்சைப் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எங்கே கிடைக்கும்?

என் பிள்ளை பிறந்த அன்று இரத்தினபுரியில் அடைமழை. கொடி கழுத்தில் இரண்டு சுற்று. ஆஸ்பத்திரி மிட்வைஃப் மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பய வென்ன எபா நங்கி" என்றார். பயப்படாதே என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன், மிஸ்ஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்டது, "கொடி சுத்தியிருந்துச்சா?" ஆமாம் என்றேன். அம்மாவின் முகம் செத்துவிட்டது. கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்களுடைய ஆட்களிடம் உள்ள பேச்சு. மாமன் முதலில் பிள்ளையை நேரே பார்க்கக்கூடாது. பதினாறாம் நாள் தீட்டுக் கழித்து, கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அந்த எண்ணெயில் தெரியும் முகத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். நான் படித்தவள். கொடி எதனால் சுற்றுகிறது என்று மற்றத் தாய்மாருக்கு விளக்கம் சொல்லுகிறவள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் பயம் இருந்தது. இருப்பது ஒரே தம்பி. நம்பிக்கையின்மையும் பயமும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் தனுஷன் வந்து இறங்கினான். மூன்று வாரம் லீவு. தோளில் பையோடு நேரே நான் பிள்ளையோடு படுத்திருந்த காம்பராவுக்குள் நுழையப் போனான்.

"உள்ள வராதடா!" என்று கத்தினேன்.

அம்மா கதவைச் சாத்தி, குறுக்கே நின்று விஷயத்தைச் சொன்னாள். வெளியே அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, நீயுமா? நீ டிப்ளோமா முடிச்சவ. இது மூடநம்பிக்கைன்னு ஒனக்குத் தெரியாதா?"

எனக்கு வந்ததே கோபம். பச்சை உடம்பு என்றும் பாராமல் எழுந்து கதவருகே போனேன்.

"மூணு வருசமா ஒன்னோட கணக்க நீயே பாக்காமப் பொத்தி வச்சிருக்கியே, அது விஞ்ஞானம். நான் பதினாறு நாள் பொத்தி வைக்கிறது மூடநம்பிக்கையா?"

வெளியே சிரிப்பு நின்றது. ஜூலியஸ் மட்டும் வாசலில் விழுந்து விழுந்து சிரித்தார். தனுஷன், "அது வேற காரணம் அக்கா" என்றான். பிறகு, "சரி, நான் பாக்கல" என்றான். பையைத் தூக்கிக்கொண்டு முன் காம்பராவுக்குப் போய்விட்டான்.

என் காம்பராவுக்கு வெளிப் பக்கம்தான் கதவு; இரண்டு காம்பராவுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். அந்தப் பக்கம் அவன் மடிக்கணினியில் தட்டுவது கேட்கும். இந்தப் பக்கம் பிள்ளை அழுவது அவனுக்குக் கேட்கும். போனில் படம் எடுக்கக்கூடாது என்று ஜூலியஸிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒன்பதாம் நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால், திரைச்சீலைக்கு அடியில் ஒரு கை நீண்டிருந்தது. பிள்ளை அந்தக் கையின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மெல்ல எழுந்து திரையின் ஓரத்தால் எட்டிப் பார்த்தேன். தனுஷன் தரையில் குப்புறப் படுத்திருந்தான், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு. கண்கள் இறுக்கி மூடியிருந்தன, அவற்றில் ஈரம் இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. திரும்பிப் பார்த்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் சத்தம் போடாமல் திரும்பிவந்து படுத்துக்கொண்டேன். இவனைப் பெற்றது அம்மாவாக இருந்தாலும் வளர்த்தது நான் என்று அந்த நேரம் பெருமையாக இருந்தது.

பதினாறாம் நாளும் பெட்டி திறக்கும் நாளும் ஒன்றாக வந்தன. காலையில் எங்கள் சடங்கு. பின்னேரம் ஐந்தரைக்கு, அங்கே மதியம் இரண்டு மணிக்கு, வீடியோவில் அவர்களுடைய கூட்டம். அவர்கள் பெட்டியைத் திறப்பார்கள். மார்ச் மாதம் நடக்கும் பெரிய மாநாட்டில் அந்த முடிவை அறிவிக்கத் தனுஷனைத் தெரிவு செய்திருந்தார்கள். இருநூறு பேர் கொண்ட குழுவில் இவனை. டிசம்பரோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. அந்த மேடையில் நின்றால் அடுத்த வேலை தேடி வரும் என்று சொல்லியிருந்தான். அம்மா அதற்காகக் குருவிட்ட கோயிலில் அருச்சனைக்கும் சொல்லிவிட்டாள்.

காலையில் மழை விட்டு நல்ல வெளிச்சம். வாசலுக்கு நேரே பாய் விரித்து, வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்தாள் அம்மா. தனுஷன் குளித்துவிட்டு வந்து கிண்ணத்துக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தான். நான் பிள்ளையோடு அவனுக்குப் பின்னால் நின்று, அவன் தோளுக்கு மேலாக அவளை நீட்டிப் பிடித்தேன். எண்ணெயில் அவள் முகம் விழுந்தது.

அவன் இன்னும் கிட்டக் குனிந்தான். பிறகு, "எடக் கன்னத்துல மச்சம் இருக்கு அக்கா, அப்பாவுக்கு இருந்த மாதிரி" என்றான்.

"இப்ப திரும்பிப் பாருடா மாமா" என்று பிள்ளைக்காக அம்மா சொன்னாள்.

திரும்பினான். பிள்ளையைக் கையில் வாங்கி, கன்னத்தோடு கன்னம் வைத்து முகர்ந்தான். பிறகு தள்ளிப் பிடித்துப் பார்த்தான். மச்சம் வலக் கன்னத்தில் இருந்தது. கிண்ணத்தைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், மறுபடி கிண்ணத்தைப் பார்த்தான். முகம் வெளிறிப்போய்விட்டது.

"மாறியிருக்கு" என்றான்.

அம்மா பயந்து நெஞ்சில் கைவைத்தாள். ஜூலியஸ், "கண்ணாடியில பாத்தா எடம் வலமாத்தானே தெரியும்? ஒனக்கா இதச் சொல்லித் தரணும் மச்சான்?" என்றார்.

"தெரியும் மச்சான். தெரியும். ஆனா நான் எழுதினேனா?"

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினான். அம்மா செய்து வைத்திருந்த பால்சோறு ஆறிப்போனது. மூன்று மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது மடிக்கணினியைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா ஆச்சு?"

பிள்ளையின் கிளினிக் அட்டையை எடுத்தான். நடுவில் மடிந்த அட்டை. அதைப் பாதி விரித்துப் பிடித்தான். நான்கு துண்டுகளில் இரண்டு ஒரு பக்கத் தாளிலும் மற்ற இரண்டு அடுத்த பக்கத் தாளிலும் பறப்பதாக வைத்துக்கொள் என்றான். இரண்டு தாளுக்கும் இடையில் உள்ளது ஒரு கோணம். இந்தப் பக்கம் திரும்பினால் சக, அதாவது பிளஸ்; அந்தப் பக்கம் திரும்பினால் சய, மைனஸ். சிதையும் துணிக்கைகளில் பாதி சாதாரணத் துணிக்கை, பாதி அதன் எதிர்த்துணிக்கை. எதிர்த்துணிக்கை கண்ணாடியில் தெரிவது போல. அந்தப் பாதிக்கு மட்டும் குறியை மாற்றிவிட்டுத்தான் இரண்டையும் சேர்க்கவேண்டும்.

"மாத்தலையா?"

"மொதல்ல மாத்தியிருந்தேன். போன வருசம் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல அந்தப் பகுதியத் திரும்ப எழுதும்போது விட்டுப்போச்சு. ஒரு குறி அக்கா. ஒரே ஒரு சய."

"அப்ப அத்தன பேர் பாத்துக் கையெழுத்து வச்சாங்களே?"

"சோதிக்கிறதுக்குச் செஞ்ச போலிச் சிதைவையும் என்னோட அதே வரிகள்தான் செஞ்சுச்சு. தப்பாச் செஞ்சு, தப்பாவே அளந்தா, சரியாத்தானே வரும்."

அப்படியே திறந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒரு பாதி சகவும் மறு பாதி சயவுமாக ஒன்றையொன்று தின்றுவிடும் என்றான். அந்தக் கோணத்தில் என்ன இருந்தாலும் பூச்சியம் என்றுதான் தெரியும். பூச்சியம் வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஏட்டுக் கணக்கும் ஏறத்தாழ அதைத்தான் சொல்கிறது. இன்று அவன் வாயைத் திறந்தால் பெட்டி திறக்காது. எல்லாச் சோதனையும் முதலில் இருந்து. மாநாடு போய்விடும். டிசம்பருக்குப் பிறகு என்ன என்றும் தெரியாது.

நான் நல்லவள் வேஷம் போட விரும்பவில்லை. அந்த நேரத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யாருக்குத் தெரியும் தம்பி? இன்னைக்கித் தொறக்கட்டும். மாநாட்டுக்குப் போயிட்டு வா. பெறகு ஆறுதலாத் திருத்திக்கலாம்."

அவன் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தான்.

"பாப்பாவ நான் பாத்துட்டேன். இனிமே பாக்காதவனா ஆக முடியுமா அக்கா? அதுவும் அப்படித்தான். ஒருக்காத் தொறந்துட்டு அப்புறம் திருத்தினா, பிடிச்ச விடை வர்றதுக்காகத் திருத்தினேன்னு நானே என்னைச் சந்தேகப்படுவேன்."

ஒன்பதாம் நாள் திரைக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிப் படுத்திருந்தவனிடம் போய் யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்தரைக்கு அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவர்களுக்குத் தெரியாத மூலையில் இருந்தேன். என் இங்கிலீஷ் பிள்ளை மடுவத்து இங்கிலீஷ்தான். ஆனால் அவன் "பெட்டியைத் திறக்க வேண்டாம்" என்றதும், "பிழை என்னுடையது" என்றதும் விளங்கின. அட்டையை எடுத்து எனக்குக் காட்டியது போலவே மடித்துக் காட்டினான். பிறகு நரைத்த தலையோடு ஒரு பெண், அவர்தான் குழுவுக்குத் தலைவி, ஏதோ சுருக்கமாகச் சொன்னார். கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"நன்றின்னு சொன்னாங்க. இனி மாநாட்டப் பத்தி யோசிக்க வேணாம்னும் சொன்னாங்க."

அம்மா எல்லாவற்றையும் எண்ணெய் மேல் போட்டாள். சடங்கு செய்யாமல் இருந்தால் இதைவிடப் பெரிதாக ஏதாவது வந்திருக்கும், இதோடு போனது என்றாள். தனுஷன் லீவு முடியுமுன்பே, இரண்டு நாளில் கிளம்பிப் போய்விட்டான்.

மார்ச்சில் வேறொருவர் வேறொரு முடிவோடு அந்த மேடையில் நின்றார். தனுஷனுக்கு ஒப்பந்தத்தை ஆறு மாதமும், பிறகு இன்னொரு மூன்று மாதமும் நீட்டித்தார்கள். சோதனைகளை முதலில் இருந்து செய்தார்கள், இந்த முறை போலிச் சிதைவுகளைச் செய்தது அவனுடைய வரிகளே படாத வேறொருவர். இங்கே என் மகள் சரோன் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், ஜூலியஸின் செருப்பைக் கடித்தாள். ஞானஸ்நானமும் ஆனது, மொட்டையும் போட்டோம்.

இந்த வருஷம் செப்டம்பரில் ஒரு நாள் பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளுக்குப் பகல் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டான். சரோன் என் இடுப்பில்.

"தொறந்தாச்சு அக்கா."

"என்னா வந்துச்சு?"

"பூச்சியம் இல்ல. ஒரு பக்கமாச் சரிவு இருக்கு. ஆனா சின்னது. தற்செயலாவும் வந்திருக்கலாம். இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. இன்னும் நெறையச் சேக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கா ஒரு வருசம்? இதுக்கா மாநாட்ட விட்ட?"

"பழைய வரிகளையும் ஒருக்கா ஓட்டிப் பாத்தோம்" என்றான். "தட்டையாப் பூச்சியம். அன்னைக்கித் தொறந்திருந்தா, இங்க ஒண்ணும் இல்ல, யாரும் தேட வேணாம்னு என் பேரப் போட்டு எழுதியிருப்போம். ஒலகம் நம்பியிருக்கும்."

நான் கையில் சோற்று உருண்டையோடு நின்றேன். எட்டு வருஷம் எத்தனை பேர் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள், இனி ஒன்றும் இல்லை, விட்டுவிடு என்று. இடுப்பில் இருந்தவள் என் தாலிக்கயிற்றை இழுத்தாள்.

"இப்ப தேடுவாங்களா?" என்று கேட்டேன்.

"தேடுவாங்க. நானும்தான். இன்னும் ரெண்டு வருசத்துக்கு வேலை குடுத்திருக்காங்க."

அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கச் சரோனைத் திரைக்கு முன்னால் பிடித்தேன். அவள் மாமனைப் பார்த்துச் சோற்று வாயோடு சிரித்தாள்.

"மச்சம் பெரிசாயிருக்கே. எந்தக் கன்னம் அக்கா அது?"

"ஏன், ஒனக்குத் தெரியலையா?"

"போன்ல சில நேரம் கண்ணாடி மாதிரி மாத்திக் காட்டும். நீ பாத்துச் சொல்லு."

என் திரையின் மூலையில் தெரிந்த அவள் முகத்தில் மச்சம் இடக் கன்னத்தில் இருந்தது. இடது என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பிறகு போனை மேசையில் வைத்தேன். பிள்ளையை என் பக்கம் திருப்பி, நேரே முகத்தைப் பார்த்து, மச்சத்தை விரலால் தொட்டேன்.

"வலது" என்றேன்.